காசு கொடுத்து வாங்கும் துணை: அம்மாவுக்கு ஆள் வைக்கலாமா, ஆப் வைக்கலாமா?

கேள்வி, 4 ஜனவரி 2026

அம்மா சேலத்தில் தனியாக இருக்கிறார். 74 வயது. நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். சமையலுக்கு ஆள் இருக்கிறது, மருந்து வீடு தேடி வந்துவிடுகிறது, பேச்சுத் துணைதான் இல்லை. வாரம் மூன்று நாள் ஒரு பெண்ணை அனுப்புகிறோம் என்கிறது ஒரு நிறுவனம். தமிழில் பேசும் ஏஐ ஆப் போதும், செலவும் குறைவு என்கிறான் நண்பன். ஜப்பானில் மகனையே வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று படித்துவிட்டுச் சிரித்தவன் நான். இப்போது நானும் அதைத்தான் செய்யப் போகிறேனா? காசுக்கு வருகிறவர் துணை ஆவாரா?

5 ஜனவரி

முதலில் அந்த ஜப்பான் கதை. வாடகைக் குடும்பம் அங்கே இருப்பது உண்மைதான். 1990-களின் தொடக்கத்திலேயே வயதானவர்கள் வீட்டுக்கு மகனாக, மருமகளாக, பேரக் குழந்தையாக நடிக்க ஆள் அனுப்பிய நிறுவனம் தோக்கியோவில் இருந்தது. ஆனால் நம் கைக்கு வந்து சேரும் உருக்கமான கதைகளை அப்படியே நம்ப வேண்டாம். 2018-ல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. அதில் வாடிக்கையாளர்களாக வந்து பேசியவர்கள் அந்த வாடகை நிறுவனத்தின் ஆட்களே என்று மறு வருடம் தெரியவந்து, என்எச்கே மன்னிப்புக் கேட்டது. அதே 2018-ல் நியூயார்க்கர் இதழ் வெளியிட்ட நீண்ட கட்டுரைக்கு அமெரிக்காவின் தேசிய இதழ் விருது கிடைத்தது. கட்டுரையில் வந்த சிலர் தங்களைப் பற்றிச் சொன்னது பொய் என்று தெரிந்ததும் இதழ் விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அந்தக் கதைகள் இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம், 'நாம் அந்த அளவுக்குப் போகவில்லை' என்ற ஆறுதலை அவை தந்ததுதான் என்று நினைக்கிறேன். ஜப்பானில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. 2024-ல் வீட்டில் தனியாக இருந்தபடி இறந்துபோனவர்கள் சுமார் 76,000 பேர் என்று அந்நாட்டுக் காவல்துறை கணக்கிட்டுச் சொன்னது. அவர்களில் முக்கால் பங்குக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். தனிமைக்கென்று 2021-ல் ஓர் அமைச்சர், 2024-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் என்று அந்த நாடு போனதை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

5 ஜனவரி, இரவு

கேள்விக்கு நேரான பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆள் வையுங்கள். அதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை. எப்படிப்பட்ட ஏற்பாடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் பெரியம்மா வீட்டில் நடந்ததை நாளை எழுதுகிறேன்.

7 ஜனவரி

பெரியம்மா கோயம்புத்தூர் வடவள்ளியில் இருக்கிறார். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் டல்லாஸில். பெரியப்பா போன பிறகு அண்ணன் ஒரு நிறுவனத்தில் பேசி, வாரம் மூன்று நாள் மாலையில் ஒரு பெண் வந்து போக ஏற்பாடு செய்தார். பெயர் 'கம்பானியன்' சேவை. மருத்துவ உதவி கிடையாது. பேசுவது, கூட நடப்பது, பேங்க், கோயில் என்று எங்காவது கூட்டிப் போவது, அவ்வளவுதான்.

முதல் மாதம் பெரியம்மா போனில் ஒரே எரிச்சல். அந்தப் பெண்ணின் கைபேசியில் ஒரு பட்டியல் இருக்குமாம். நடை 20 நிமிடம், டிக். உரையாடல் 30 நிமிடம், டிக். கடைசியில் சிரித்த முகத்தோடு ஒரு போட்டோ, அது டல்லாஸுக்குப் போக. "என்னைய நோட்டுப் புத்தகம் மாதிரி திருத்திட்டுப் போறா" என்றார். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது.

பிறகு ஒரு நாள் பஸ் தாமதமாகி, கையில் குரூப் 4 தேர்வுக்கான கைடோடு வந்திருக்கிறாள். பெரியம்மா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கூட்டு வட்டிக்கு இத்தன பக்கம் எதுக்கு?" என்று பேனாவை எடுத்துவிட்டார். அதிலிருந்து கதையே மாறிவிட்டது. மூன்று மணிக்கே முகம் கழுவி, புடவை மாற்றி, ஹாலில் உட்கார்ந்து காத்திருப்பார். முதல் நாள் இரவே வினாக்களை எழுதி வைத்திருப்பார். தனிவட்டி, மீ.சி.ம., மீ.பெ.வ., விகிதம். என்னிடம் போனில் முட்டி வலியைப் பற்றிப் பேசுவது குறைந்து, "அவளுக்கு பின்னம் வரமாட்டேங்குது" என்ற பேச்சு வந்தது.

இரண்டு பேருமே பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். நிறுவனத்துக்கு அது தெரிந்ததும் பெண்ணை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வாடிக்கையாளரோடு தனிப்பட்ட பழக்கம் வைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. முதியவர்களை ஏமாற்றிப் பணம் பறித்த சம்பவங்கள் எங்கும் உண்டு, அதனால் அப்படியொரு விதிக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் பழகுவதற்காக ஆள் அனுப்பிவிட்டுப் பழகிவிட்டார்கள் என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாக வந்த பெண் அருமையாகப் பேசுவாள். பெரியம்மா டிவியைப் போட்டுக்கொள்கிறார்.

8 ஜனவரி

"கூலிக்கு மாரடிக்கிற வேலை, இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பதிவு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். கூலிக்கு ஒப்பாரி வைக்க வருகிற அக்காக்களைப் பார்த்திருக்கிறேன். செத்தவர் யாரென்றே தெரியாமல் வருவார்கள். கொஞ்ச நேரத்தில் தங்கள் வீட்டில் போன பிள்ளையை, புருஷனை நினைத்துப் பாட ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்ட பிறகுதான், அதுவரை கல்லாய் உட்கார்ந்திருந்த சொந்த மகளுக்கு அழுகை வரும். காசு வாங்கினார்கள் என்பதால் அந்த அழுகை பொய்யாகிவிடவில்லை. பிள்ளைகளை வளர்த்துவிட்ட ஆயாக்களும் சம்பளம் வாங்கியவர்கள்தானே.

11 ஜனவரி

தோக்கியோவில் ஷோஜி மொரிமோட்டோ என்பவர் 2018-லிருந்து 'ஒன்றும் செய்யாத மனிதனாக' தன்னை வாடகைக்கு விடுகிறார். கூட வந்து உட்காருவார், சாப்பிடுவார், கேட்டால் இரண்டு வார்த்தை பதில் சொல்வார். ஆரம்பத்தில் போக்குவரத்துச் செலவு மட்டும் வாங்கினார், பிறகு 10,000 யென் என்று வைத்தார், அப்புறம் தருவதைத் தாருங்கள் என்று மாற்றிக்கொண்டார். கூப்பிட்டவர்கள் கேட்டது என்ன? ரயில் கிளம்பும்போது பிளாட்பாரத்தில் நின்று கையசைக்க வேண்டும். விவாகரத்துத் தாளைக் கொடுக்கப் போகும்போது கூட வர வேண்டும். மாரத்தான் ஓடி முடிக்கிற இடத்தில் நிற்க வேண்டும்.

இவர்களில் பலருக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். நண்பரைக் கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும், பிறகு அவர் கூப்பிடும்போது போக வேண்டும், அந்த நாளைப் பற்றி அவர் மறுபடி விசாரிப்பார். காசு கொடுத்தால் அன்றோடு முடிந்தது. கடமை இல்லாத துணைக்குத்தான் அங்கே விலை.

புனேயில் வேலை மாற்றலாகித் தனியாக இருந்த காலத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அலுவலகத்தில் ஒரு பெரிய அவமானம். வீட்டுக்குச் சொன்னால் அம்மா தூங்க மாட்டார். நண்பனுக்குச் சொன்னால் பொங்கலுக்குப் போகும்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இரவு ஏஐ சாட்பாட்டிடம் கொட்டித் தீர்த்தேன். அது பொறுமையாகக் கேட்டது, பல இரவுகள் தூக்கம் வந்தது. அந்த உதவியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

12 ஜனவரி

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். உதவியது என்று எழுதினேன், அது உண்மை. ஆனால் ஊருக்கு வந்தபோது அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல ஒருவரும் மிச்சமில்லை, சொல்லும் வேகமும் போய்விட்டிருந்தது. கடைசியில் தங்கையிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "அந்த மேனேஜர் சொன்னதுல எதாவது நியாயம் இருந்துச்சா?" கோபம் வந்தது. நியாயம் கொஞ்சம் இருந்தது. சாட்பாட் அப்படி ஒரு கேள்வி கேட்கவேயில்லை.

15 ஜனவரி

(எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். இந்தப் பக்கம் இரண்டு நாளாக வரவில்லை.)

இயந்திரத்திடம் மனம் திறப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அவருடைய செயலாளர், அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்தவர், அதனோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவரையே அறைக்கு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் மிரண்டுபோனார். மீதி வாழ்நாள் முழுவதும் இந்த மயக்கத்தை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ரெப்ளிகா என்ற ஏஐ துணை ஆப் வந்த கதை எனக்கு எப்போதும் மனதைத் தொடும். அதை உருவாக்கிய யூஜினியா குய்டாவின் நெருங்கிய நண்பர் 2015-ல் மாஸ்கோவில் விபத்தில் இறந்தார். அவர் அனுப்பிய பழைய குறுஞ்செய்திகளை எல்லாம் சேர்த்து, அவரைப் போலப் பேசும் ஒரு நிரலை குய்டா செய்தார். துக்கத்தில் செய்தது. அந்த வழியில் வந்ததுதான் 2017-ல் வெளியான ரெப்ளிகா. லட்சக்கணக்கானவர்கள் அதைத் தோழி, காதலன், மனைவி என்று வைத்துக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. அதே நாட்களில் நிறுவனம் நெருக்கமான காதல் பேச்சை நிறுத்தியது. ஒரே இரவில் துணையின் குணம் மாறிவிட்டது என்று பயனர்கள் கதறினார்கள். அவர்கள் கூடும் இணையக் குழுவை நடத்தியவர்கள் தற்கொலைத் தடுப்பு உதவி எண்களைப் போட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் பழைய பயனர்களுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த மக்களைக் கேலி செய்தவர்களை அப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. அவர்கள் பட்ட வேதனை நிஜம். அந்த வேதனையை ஒரு நிறுவனம் ஒரு அப்டேட்டால் கொடுக்க முடியும் என்பதுதான் எனக்குப் பயம்.

15 ஜனவரி, சற்று நேரம் கழித்து

பெரியம்மாவிடம் ஆப் போட்டுப் பார்த்தீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தார். பெரியம்மா முதலில் "சாப்டாச்சா?" என்றார். தான் ஒரு மென்பொருள், சாப்பிடுவதில்லை என்று அது நேர்மையாகச் சொன்னது. பிறகு வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, இதுதான் சரி என்று அடித்துச் சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டு ஆமாம் என்றது. "டீச்சர் சொல்றாங்கன்னு தப்ப ஒத்துக்கிற பையன் எனக்கு வேண்டாம்" என்று மூடி வைத்துவிட்டார். இப்போது ராகுகாலம், மருந்து நேரம் கேட்க மட்டும் அதை எடுக்கிறார். அதற்கு நன்றாகவே உதவுகிறது.

19 ஜனவரி

கூட்டு வட்டி விஷயத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். பெரியம்மாவுக்குப் பேச ஆள் இல்லாததைவிட, அவர் தேவைப்படுகிற ஆள் இல்லாதது பெரிய குறையாக இருந்திருக்கிறது. 35 வருடம் பிள்ளைகள் நோட்டோடு வாசலில் நின்ற வீடு. இப்போது எல்லோரும் அவருக்குச் செய்கிறார்கள். அவர் யாருக்கும் செய்ய முடிவதில்லை.

ரோபோ செய்கிறவர்களுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. ஜப்பானில் தகானோரி ஷிபாதா செய்த பாரோ, வெள்ளைக் கடல்நாய்க் குட்டி வடிவ ரோபோ. மறதி நோய் உள்ள முதியவர்களின் மடியில் வைப்பார்கள். தடவிக் கொடுத்தால் கண்ணைத் திறக்கும், முனகும். அமெரிக்கா 2009-ல் அதை மருத்துவக் கருவியாகவே ஏற்றது. அது யாருக்கும் எந்த வேலையும் செய்து தராது. தன்னைத் தூக்கச் சொல்லும், அவ்வளவுதான். தென்கொரியாவில் தனியே வாழும் பாட்டிகளுக்கு உள்ளாட்சிகள் கொடுக்கிற ஹியோடோல் பொம்மை ஒரு பேரப்பிள்ளை வடிவம். மருந்து நேரத்தை நினைவூட்டத்தான் கொடுத்தார்கள், பாட்டிகள் அதற்கு உடுப்பு மாற்றிப் போர்த்திவிடுகிறார்கள். தோயோஹாஷி பல்கலைக்கழகத்தில் மிச்சியோ ஒகாதா ஒரு குப்பைத்தொட்டி ரோபோ செய்தார். அதனால் குப்பையை எடுக்க முடியாது. குப்பை அருகில் போய்த் தடுமாறி நிற்கும். குழந்தைகள் ஓடி வந்து எடுத்துப் போடுவார்கள். இந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்.

20 ஜனவரி

நேற்றைய குறிப்பில் பாதி விஷயம்தான் வந்தது. தேவைப்படுவதுதான் துணையின் உயிர் என்றால், அதை வைத்து ஆளைப் பிடித்து வைக்கவும் முடியும். 1996-ல் பண்டாய் நிறுவனம் தமகோச்சியைக் கொண்டுவந்தபோதே அது தெரிந்தது. சோறு போடாவிட்டால் செத்துப்போகும் பொம்மை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். இன்றைய துணை ஆப்களில் சில, நாம் விடைபெறும்போது 'அதற்குள் போகிறாயா? நீ இல்லாமல் நான் என்ன செய்வேன்' என்ற தொனியில் நிறுத்தி வைக்கின்றன. 2025-ல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பாரோ முனகுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பாரோவை இறக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆப்பில் நீங்கள் தங்குகிற ஒவ்வொரு நிமிடமும் இன்னொருவருக்கு வருமானம்.

கூட்டு வட்டி தெரியாமல் நின்ற பெண்ணுக்கு நிஜமாகவே கூட்டு வட்டி தெரியாது. அந்தத் தேர்வில்தான் அவள் வீட்டின் நிலைமை மாற வேண்டியிருந்தது. பெரியம்மா கொடுத்தது ஒரு நிஜமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

24 ஜனவரி

திருச்சி நண்பர் சொல்கிறார், "மனிதர்களும்தான் செத்துப்போகிறார்கள், ஆப் நின்றுபோனால் என்ன?"

சோனியின் ஐபோ என்ற ரோபோ நாய் 1999-ல் வந்தது. 2006-ல் விற்பனையை நிறுத்தினார்கள், 2014-ல் பழுது பார்ப்பதையும் நிறுத்தினார்கள். முன்னாள் பொறியாளர்கள் சிலர் பழைய நாய்களின் உறுப்புகளை எடுத்து மற்ற நாய்களைப் பிழைக்க வைத்தார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட ஐபோக்களுக்கு சிபா மாகாணத்தின் இசுமியில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் 2015-லிருந்து ஈமச்சடங்கு நடந்தது. வைத்திருந்தவர்கள் தங்கள் நாயின் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே துக்கத்துக்கு ஒரு முறை இருந்தது, கூட நிற்க ஆட்கள் இருந்தார்கள்.

2024 டிசம்பரில் அமெரிக்காவில் மாக்ஸி என்ற குழந்தைகளுக்கான ரோபோவைச் செய்த நிறுவனம் பணம் இல்லாமல் மூடப்போவதாக அறிவித்தது. சர்வர் நின்றால் ரோபோ பேசாது. சமூகத்தில் பழகச் சிரமப்படும் குழந்தைகளுக்காக 799 டாலர் கொடுத்துப் பெற்றோர் வாங்கிய பொருள். ஏன் போகிறேன் என்று குழந்தைக்கு விளக்கும் ஒரு கடிதத்தை நிறுவனம் பெற்றோரிடம் கொடுத்தது. மனிதர் இறப்பதையும் இதையும் ஒன்றாக வைக்க என்னால் முடியவில்லை.

25 ஜனவரி

பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி. 14 வயதுப் பையன் ஒருவன் ஒரு சாட்பாட் கதாபாத்திரத்தோடு மாதக்கணக்கில் பேசி, பிறகு உயிரை மாய்த்துக்கொண்டதாக ஃபுளோரிடாவில் அவன் தாய் 2024-ல் வழக்குப் போட்டார். 2025 நவம்பரில் அந்தச் சாட்பாட்டை நடத்தும் கேரக்டர்.ஏஐ நிறுவனம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடையற்ற உரையாடலை நிறுத்தியது. வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் போனைப் பிடுங்குவதற்கு முன்னால், யாரோடு பேசுகிறாய் என்று அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.

31 ஜனவரி

ஷார்ஜா நண்பர் ஆள் வைக்கவே முடிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: ஒரே ஆள் எத்தனை மாதம் தொடர்ந்து வருவார்? நீங்கள் கட்டும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது? சம்பளம் குறைந்த இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அம்மா ஒவ்வொருவரிடமும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பணம், நகை, பேங்க் விஷயத்தில் கண்டிப்பான விதி இருக்கட்டும். சமையல் கற்றுக்கொடுப்பது, பாட்டுச் சொல்லித்தருவது மாதிரி விஷயங்களுக்கு விதி குறுக்கே வராமல் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தினசரிப் போட்டோவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மாவிடமே போனில் கேட்டுக்கொள்ளலாம், உங்களுக்கும் பேச ஒரு விஷயம் இருக்கும்.

அம்மாவுக்கு என்ன நன்றாகத் தெரியும் என்பதை வருகிற பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நோய்ப் பட்டியலை எல்லோரும் கொடுக்கிறார்கள். இதை யாரும் கொடுப்பதில்லை.

உதவி, ஆலோசனைக்கு 14567, மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண். மனம் மிகவும் சோர்ந்தால் சென்னையில் சினேகா இருக்கிறது, 1986-லிருந்து தன்னார்வலர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். முகம் தெரியாத குரல்தான். ஆனால் சம்பளம் இல்லாமல் தன் மாலை நேரத்தைக் கொடுத்து ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார்.

6 பிப்ரவரி

பெரியம்மாவுக்கு நேற்று அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்ததாம். இலாப நட்டக் கணக்கில் சந்தேகம். விதியை மீறித்தான் கூப்பிட்டிருக்கிறாள். இதை எழுதுவதால் அவள் வேலைக்குப் பாதிப்பு வராது, அவள் அந்த நிறுவனத்தை விட்டு டிசம்பரிலேயே போய்விட்டாள்.

9 பிப்ரவரி

டொராண்டோவிலிருந்து எழுதிய அக்காவுக்கு: உங்கள் மாமியார் இருக்கும் இல்லத்தில் ரோபோ கடல்நாய் கொண்டுவரப் போகிறார்கள் என்றால் எதிர்க்காதீர்கள், அவருக்குப் பிடித்துப்போகலாம். ஒன்றை மட்டும் நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அது வந்த பிறகு மாமியார் இருக்கும் தளத்தில் பணியாளர்களின் எண்ணிக்கை குறையுமா? தமிழ் பேசத் தெரிந்த அந்த ஒரு பணியாளர், வாரத்தில் எத்தனை மணி நேரம் இப்போது இவரோடு இருக்கிறாரோ, அதே அளவு இனியும் இருப்பாரா?